வராந்தா உறுப்பினர்

புலாவன் விளையாட்டரங்கின் வாசலில் மொந்தெஹாரோ குடும்பம் ஒரு சலவைக்கல்லை நட்டிருந்தது. இரண்டு ஆள் உயரம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பீங்கானில் பதித்த முட்டை வடிவப் படம். தூரத்திலிருந்து பார்த்தால் குடும்பக் கல்லறை மாதிரியே இருந்தது. நிஜமாகவே கல்லறையாக இருந்திருந்தால் ஊருக்கு எவ்வளவோ நல்லது என்று லியோனிசா நினைத்துக்கொண்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

மேலே தங்க எழுத்தில் ‘இரண்டாம் தொகுதியின் மக்கள் பிரதிநிதிகள், 1907 முதல் இன்று வரை’ என்று இருந்தது. கீழே ஆறு வரிகள். ஆறும் மொந்தெஹாரோக்கள்.

முதல் வரி டான் எவரிஸ்டோ. 1907இல் ஓட்டுரிமை நிலம் வைத்திருந்தவனுக்கும் படித்தவனுக்கும்தான். இந்தத் தொகுதியில் அந்த இரண்டு கூட்டத்தையும் அவர் தன் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே உட்கார வைத்துவிடலாம். இருபத்து நான்கு ஆண்டு மணிலாவில் உறுப்பினராக இருந்தார். அத்தனை ஆண்டில் அவையில் இரண்டு முறை வாய் திறந்திருக்கிறார். ஒரு முறை ஜன்னலைச் சாத்தச் சொன்னார், இன்னொரு முறை அதைத் திறக்கச் சொன்னார்.

இரண்டாவது வரி அவர் மகன். அந்தக் காலத்து வாக்குச்சீட்டில் சின்னமும் கிடையாது, அச்சடித்த பெயரும் கிடையாது. வெறும் கோடுதான். வாக்காளனே தன் கையால் பெயரை எழுத வேண்டும். 2003 முடியப்போகிற இந்த நாளிலும் அப்படித்தான். மொந்தெஹாரோ என்று பிழையில்லாமல் எழுத மொந்தெஹாரோக்களுக்கே வராது. ஓட்டுகள் வீணாயின. அதனால் மகன் தன் செல்லப்பெயரைத் தேர்தல் அலுவலகத்தில் பதிந்துகொண்டான். டோட்டோ. எங்கள் பக்கம் பாதி வீட்டில் பையனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தை இரண்டு தடவை கிறுக்கினால் ஓட்டு விழுந்துவிடும். பிறகு அந்தப் பெயர்தான் பதவியில் உட்கார்ந்தது, ஆள் யாராக இருந்தால் என்ன! ஜப்பான்காரன் வந்தபோது டோட்டோ அவனுக்கும் பிரதிநிதி. அமெரிக்கன் திரும்பி வந்தபோது அவனுக்கும் பிரதிநிதி. கல்லில் அந்த இரண்டு காலத்துக்கும் நடுவே ஒரு காற்புள்ளிகூட இல்லை.

மூன்றாவது வரியும் நான்காவது வரியும் இரண்டாம் டோட்டோ. ராணுவச் சட்டம் வந்து நாடாளுமன்றத்தைப் பூட்டினார்கள், அவர் வீட்டில் சும்மா இருந்தார். பூட்டியவர்களே தலையாட்டுகிறவர்களுக்கென்று ஓர் அவையைத் திறந்தார்கள், முதல் ஆளாகப் போய்த் தலையாட்டினார். ஐந்தாவது வரி அவர் மனைவி. வாக்குச்சீட்டில் அந்த அம்மாளும் டோட்டோதான். அறுபது வயதுப் பெண்மணிக்குப் பையன் என்று பெயர் எழுதிவிட்டு வந்தபோது தொகுதியில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆறாவது வரி 1995 முதல் இன்று வரை, அவர்கள் மகன் மூன்றாம் டோட்டோ.

ஜனவரியில் குழந்தை இயேசுவான சாந்தோ நின்யோவின் திருவிழாவன்று இந்தப் பெயர்களை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் எழுந்து நின்று, பிறகு உட்கார வேண்டும். வழக்கம் அது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆண்டில் அதைவிடக் கொடுமையான நாள் வேறில்லை.

லியோனிசா இரண்டு தடவை படித்தாள். அவள் தேடி வந்த வரி இல்லை. அவள் கணவர் தியோஃபிஸ்டோ ஒர்பேசா, ஊர் வாயில் பிஸ்டோ, கால்நடை வைத்தியர். 2001 ஜூன் 18 முதல் ஜூன் 30 நண்பகல் வரை பன்னிரண்டு நாள் இந்தத் தொகுதியின் சட்டப்படியான உறுப்பினர். போன ஆண்டு மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கென்று இந்த உலகத்தில் அவள் கேட்க நினைத்தது அந்த ஒரு வரியைத்தான்.

அரங்கத்தை ஒட்டியே தொகுதி அலுவலகம். உள்ளே குளோரிபெல் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

“பன்னெண்டு நாளுக்கெல்லாம் வரி கெடையாது அக்கா.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கல்லுல எடமில்ல.”

“கீழ ரெண்டு முழம் காலியாக் கெடக்குதே.”

“அது வரப்போறவங்களுக்கு.”

“வரப்போறவங்க யாரு?”

குளோரிபெல் நகத்தை ஊதினாள். “டோட்டோதான், வேற யாரு?”

உள்ளறைக் கதவு திறந்தது. மூன்றாம் டோட்டோ பல்குச்சியோடு வெளியே வந்தார், பின்னாலேயே ஏழெட்டு ஆட்கள். மணிலாவில் கீழவையில் உட்காருகிறவரைப் புலாவனில் ‘காங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்தால் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். லியோனிசா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அந்த மரியாதை அவருக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

“யாரு, பன்னி டாக்டர் வீட்டம்மாவா? என்னக்கா வேணும்?”

“கல்லுல எங்க வீட்டுக்காரர் பேரு விட்டுப்போச்சு காங்.”

“விட்டுப்போகல, விட்டாச்சு.” ஆட்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அக்கா, அவரு நல்ல மனுஷன். எங்க பன்னிக்கெல்லாம் ஊசி போட்டவரு. ஆனா காங்குன்னா நாற்காலில உக்காரணும். அவரு உக்காந்தது வராந்தாவுல. அந்தப் பன்னெண்டு நாள்ல நான் ஒரு நிமிஷம்கூட நாற்காலிய விட்டு எந்திரிக்கல. என்னைய எழுப்புறதுக்கு இந்தத் தொகுதில எவன் பொறந்திருக்கான்? வேணும்னா ‘வராந்தா உறுப்பினர்’னு ஒரு வரி போட்டுடலாமா?”

மறுபடி சிரிப்பு. வாசலில் நின்ற காவலாளியும் சிரித்தான். அவன் பெயரும் பிஸ்டோ. தியோஃபிஸ்டோ ஒர்பேசாவேதான், எழுத்துக்கு எழுத்து. லியோனிசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்துவிட்டாள்.

இந்தக் காவலாளி அவள் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. சண்டைச் சேவல் வளர்த்ததால் சேவல் பிஸ்டோ. 1998இல் கால்நடை வைத்தியர் தேர்தலில் நின்றார். பன்றியும் எருமையும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம். டோட்டோ கூட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தது. மனுத்தாக்கலின் கடைசி நாளன்று சேவல் பிஸ்டோவுக்கு ஒரு சட்டையைப் போட்டு இழுத்துக்கொண்டு போய் அவனையும் வேட்பாளராக்கினார்கள். அவன் ஒரு கூட்டத்தில் பேசவில்லை, ஒரு கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. ஓட்டு எண்ணும்போது சாவடிக்குப் பொறுப்பான பள்ளி ஆசிரியை ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து ‘பிஸ்டோ’ என்று படிப்பார், உடனே டோட்டோவின் ஏஜென்ட் எழுந்து “எந்த பிஸ்டோ?” என்பான். எந்த பிஸ்டோ என்று தெரியாததால் செல்லாது. ஆறாயிரத்துச் சொச்சம் சீட்டு அப்படிச் செல்லாமல் போனது. டோட்டோ ஜெயித்தார்.

வைத்தியர் வழக்குப் போட்டார். தீர்ப்பாயம் மூன்று ஆண்டை நிதானமாக மென்று தின்றுவிட்டு, சேவல் பிஸ்டோ வெறும் செட்டப் ஆள், அந்த ஓட்டெல்லாம் வைத்தியருடையவை, வைத்தியரே உறுப்பினர் என்று 2001 ஜூனில் சொன்னது. தவணை முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி. அதற்குள் மே மாதத் தேர்தல் வந்து, டோட்டோ அடுத்த தவணைக்கும் ஜெயித்தாகிவிட்டது.

மணிலாவுக்குப் போனால் அவை கலைந்துவிட்டது, ஜூலையில் வாருங்கள் என்றார்கள். ஜூலையில் எதற்கு வர? ஊரில் எந்த நீதிபதியும் பதவிப் பிரமாணம் செய்துவைக்கத் துணியவில்லை. பக்கத்து ஊர் நீதிபதிக்கு மட்டும் வேறு கவலை இருந்தது. அவருடைய சினைப் பன்றி குட்டி போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் போய் முழங்கை வரை கையை விட்டுப் பதினோரு குட்டியை வெளியே எடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு, பன்றிக் கொட்டிலிலேயே நின்று வலது கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்தார். தாளின் ஓரத்தில் ஒரு கறை விழுந்தது. மூன்று பிரதி எழுதினார்கள். மணிலாவுக்கு அனுப்பியது வந்து சேரவேயில்லை என்றார்கள். நீதிபதியிடம் இருந்தது வெள்ளத்தில் போயிற்று, பிறகு நீதிபதியும் போய்விட்டார். மூன்றாவதை லியோனிசா சாந்தோ நின்யோ படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

தொகுதி அலுவலகத்தில் அவரை உள்ளே விடவில்லை. பன்னிரண்டு நாளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், பார்த்தார். பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி மருந்து வேண்டும் என்று மணிலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார், கீழே ‘உறுப்பினர்’ என்று கையெழுத்துப் போட்டார். அந்த வேலையை அவர் அவ்வளவு நம்பினார். மருந்து ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் தன் படத்தை ஒட்டி டோட்டோ விநியோகம் செய்தார்.

இவ்வளவும் அவள் கல்லைப் பார்க்கப் போன அந்த நவம்பரோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஜனவரி முதல் வாரத்தில், காலைப் பூசை முடிந்து லியோனிசா வீட்டுக்கு வந்தபோது, வக்கீல் செர்வாண்டோ கையில் ஒரு கூடைப் பழத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். டோட்டோவின் வக்கீல். முகத்தில் அவ்வளவு பல்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் மாபெரும் மக்கள் பிரதிநிதிம்மா.”

“போன நவம்பர் வரைக்கும் வராந்தா.”

“காங் ஏதோ வெளையாட்டாச் சொன்னாரு. நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது.” வக்கீல் தானாகவே உட்கார்ந்துகொண்டார். “அந்தப் பதவிப் பிரமாணத் தாளு உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

“எதுக்கு?”

“சும்மா. ஒரு வரலாற்று ஆவணம்…”

“தம்பி, எனக்கு அறுபத்தாறு வயசு. காதுல பூச் சுத்தாம சொல்லுங்க.”

வக்கீல் சொன்னார். தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் யாரும் உறுப்பினராக நிற்கக் கூடாது, சட்டம் அது. டோட்டோவுக்கு மூன்று முடிந்துவிட்டது. நாலாவதுக்கு மனுப் போட்டிருக்கிறார். எதிர்த்து நிற்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டார். “ஆனா நடுவுல ஒருத்தர் காங்க எறக்கிவிட்டுட்டு அந்த எடத்துல இருந்தார்னு வைங்க, அது முழுத் தவணை ஆகாது. தொடர்ச்சி அறுந்துபோச்சு. எண்ணிக்கை மறுபடி மொதல்லேர்ந்து.”

“அந்த ஒருத்தரு?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

லியோனிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் வக்கீல் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். சாயங்காலம் வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு போய் அழுகை வந்தது.

அடுப்பில் போட்டுவிட்டால் டோட்டோ ஒழிந்தார். ஆனால் பிஸ்டோவும் அதோடு ஒழிந்தார், பன்றிக் கொட்டிலில் கையை உயர்த்தி நின்ற மனிதர் இருந்ததற்கே அத்தாட்சி இருக்காது. கொடுத்துவிட்டால் கல்லில் பெயர் வரும். கூடவே டோட்டோவுக்கு இன்னும் மூன்று ஆண்டு, பிறகு ஆறு. தன் புருஷனின் கையெழுத்தை வைத்தே அவரை மிதித்தவன் மேலே ஏறுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மதியம் அவள் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வக்கீலிடம் இரண்டு நிபந்தனை சொன்னாள்.

“ஒண்ணு, கல்லுல பேரு. மத்த பேரு என்ன அளவோ அதே அளவு. ரெண்டு, திருவிழா அன்னைக்கிப் பேரு படிக்கிறப்ப காங்கே தன் வாயால சொல்லணும், பிஸ்டோ ஒர்பேசா என்னைய எறக்கிவிட்டுட்டு உக்காந்தாருன்னு.”

“மொதலாவது சரிம்மா. ரெண்டாவது கொஞ்சம்…”

“அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு தம்பி.”

வக்கீல் அடுப்பைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “சொல்ல வெச்சுடறேன்” என்றார்.

கல்வெட்டுக்காரர் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தார். ஆறாவது வரியில் டோட்டோவை 2001 ஜூனோடு நிறுத்தி, ஏழாவதாக பிஸ்டோவை வெட்டி, எட்டாவதாக அதே டோட்டோவை மறுபடி ஆரம்பித்தார். படத்துக்கு மாதிரி என்று குளோரிபெல் ஓர் அச்சுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முட்டை வடிவத்துக்குள் சேவல் பிஸ்டோ சிரித்துக்கொண்டிருந்தான்.

“எங்க ஃபைல்ல பிஸ்டோன்னு இந்த ஃபோட்டோதான் இருந்துச்சு அக்கா.”

“இருக்கும், நீங்க செஞ்ச பிஸ்டோ அவன்தானே” என்று சொல்லி, லியோனிசா கணவரின் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

திருவிழாவன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. டோட்டோவே ஒலிபெருக்கியின் முன் நின்று பெயர்களைப் படித்தார். ஊர் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. ஏழாவது பெயர் வந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“ரெண்டாயிரத்து ஒண்ணு ஜூன் பதினெட்டாம் தேதி, டாக்டர் பிஸ்டோ ஒர்பேசா…” நிறுத்தினார். வக்கீல் கீழேயிருந்து தலையசைத்தார். “என்னைய எறக்கிட்டு உக்காந்தாரு.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கசப்பு மருந்து குடித்த குழந்தைகூட அவ்வளவு கோணாது. ஊர் ஒரு கணம் புரியாமல் விழித்தது, பிறகு எழுந்தது. எழுந்தவர்கள் உட்காரவில்லை. பின்வரிசையில் எருமைக்காரர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். லியோனிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து தாளை எடுத்து வக்கீல் கையில் கொடுத்தாள். சொன்ன சொல் தவறுகிற பழக்கம் அவள் வீட்டில் இல்லை.

பத்து நாள் கழித்து மாவட்டத் தலைநகரில் விசாரணை. மணிலாவிலிருந்து வந்த ஆணையர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அறையில் ஆணையரைத் தவிர முக்கால்வாசிப் பேர் டோட்டோவின் ஆட்கள், ஒரே நிறத்தில் பனியன். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். வாசலில் சேவல் பிஸ்டோ. டோட்டோ முன்வரிசையில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

தாளை அடையாளம் காட்ட வக்கீல் லியோனிசாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார். கல் கிடைத்த விதவையின் வாய் தன் சட்டைப்பையில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. அவள் பைபிள்மீது கை வைத்து உண்மை சொல்வதாகச் சொன்னாள்.

“இது உங்க கணவர் கையெழுத்தா?”

“ஆமா.”

“இந்தக் கறை?”

“பன்னி குட்டி போட்ட எடத்துல எழுதினது. பதினோரு குட்டி. எல்லாம் பொழச்சுது.”

ஆணையர் புன்னகையை மறைத்துக்கொண்டார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். “அன்னைலேர்ந்து அவர்தான் உறுப்பினர், இல்லையா?”

“சட்டப்படி அவர்தான். அதுல யாருக்கும் சந்தேகம் வேணாம்.”

“அதாவது காங் மொந்தெஹாரோ பதவிய விட்டு எறங்கிட்டாரு.”

“அத நான் எப்பிடிச் சொல்றது?” என்றாள் லியோனிசா. “எங்க வீட்டுக்காரர உள்ளயே விடலயே. பன்னெண்டு நாளும் வராந்தா பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. நான்தான் சோறு கொண்டுபோனேன்.”

வக்கீலின் பல் மறைந்தது. “அம்மா, திருவிழாவுல காங்கே தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரே!”

“ஒத்துக்கிட்டாரு. நவம்பர்ல அவரு ஆபீஸ்ல வேற மாதிரி சொன்னாரு. ஒரு நிமிஷம்கூட நாற்காலிய விட்டு எந்திரிக்கலன்னாரு. ரெண்டுல எது பொய்யின்னு எனக்குத் தெரியாது.” அவள் ஆணையர் பக்கம் திரும்பினாள். “இங்கதான உக்காந்திருக்காரு, அவரையே கேட்டுடுங்கம்மா.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். “திரு. மொந்தெஹாரோ, அந்தப் பன்னெண்டு நாள்ல நீங்க நாற்காலிய விட்டு எழுந்தீங்களா, இல்லையா?”

‘எழுந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் ஆறு ஆண்டு பதவி இருந்தது. டோட்டோ வாயைத் திறந்தார். பின்னால் நாற்பது ஆட்கள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சேவல் பிஸ்டோதான், சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக விட்டுவிட்டான். டோட்டோவின் காது சிவந்தது.

“பன்னிக்கு ஊசி போடறவன் வந்து என்னைய எழுப்புறதா?” மேசையில் ஓங்கி அறைந்தார். “எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க உக்காந்திருக்கிற நாற்காலிங்க அது! அவன் வெளிய வெயில்ல காஞ்சான், நான் உள்ள ஃபேன் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சானாம் டோட்டோ! எவன் சொன்னான்?”

ஆட்கள் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாது, அவர் மேசையை அறைந்தால் தட்டுவது வழக்கம். வக்கீல் செர்வாண்டோ நெற்றியை மேசைமேல் கவிழ்த்தார். ஆணையர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. நாலாவது தவணைக்கு மனு தள்ளுபடி.

ஊர் உருப்பட்டுவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் புலாவனைத் தெரியாது. மறுநாள் காலையிலேயே டோட்டோவின் மகள் மாற்று வேட்பாளர். இருபத்தேழு வயது, உதட்டுச் சாயம், மணிலாவில் படித்த பெண். பதிந்த செல்லப்பெயர் டோட்டோ. மே மாதம் ஜனங்கள் வரிசையில் நின்று இரண்டு எழுத்தை இரண்டு தடவை எழுதிவிட்டு வந்தார்கள், பாட்டனார்களைப் போலவே. திருவிழாவில் எழுந்து நின்று கைதட்டிய அதே எருமைக்காரர்களும் எழுதினார்கள். லியோனிசாவுக்கு டோட்டோக்கள்மீது இருந்ததைவிட அவர்கள்மீது அதிக வெறுப்பு வந்தது. அவளுடைய சாவடியில் ஆசிரியை ஒரு சீட்டைப் பிரித்து ‘பிஸ்டோ’ என்று படித்துவிட்டு, வேட்பாளரே இல்லை, செல்லாது என்று ஓரமாக வைத்தார். யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஜனவரியில் திருவிழாவுக்கு அவள் சீக்கிரமே போனாள். கல் அப்படியே இருந்தது. ஏழாவது வரியில் ஒரு கீறல் இல்லை. சேவல் பிஸ்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

“தோண்டி எடுக்கச் சொல்லித்தான் நின்னாரு அண்ணி. உளியெல்லாம் வந்துடுச்சு. வக்கீல்தான் குறுக்க விழுந்தாரு. மேல்முறையீடு மணிலாவுல இருக்காம். ஆத்திரத்துல சொன்னது சாட்சி ஆகாதுன்னு வாதாடறாங்களாம். இப்ப கல்லத் தொட்டா, எறங்கவே இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரின்னுட்டாரு.”

“அப்ப கேஸ் முடியற வரைக்கும்?”

“அண்ணன் கல்லுலதான். கேஸ் எப்பங்க முடிஞ்சிருக்கு நம்ம ஊருல?” தலையைச் சொறிந்தான். “அன்னைக்கி நான் வேணும்னு சிரிக்கல அண்ணி.”

“ரெண்டு தடவ சிரிச்சிருக்கடா, எந்த அன்னைக்கி?” என்றாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

இந்த முறை மகள் டோட்டோ பெயர்களைப் படித்தாள். அப்பா டோட்டோ முன்வரிசையில், பஞ்சு வைத்த நாற்காலியில், மற்றவர்களோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். டான் எவரிஸ்டோவுக்கு எழுந்தார். பாட்டனாருக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தனக்கே ஒரு முறை. மகள் ஏழாவது பெயரைப் படித்தாள். ஊர் எழுந்தது. அவர் எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பக்கத்திலிருந்த வக்கீல் குனிந்து அவர் முழங்கையைப் பிடித்தார். லியோனிசாவின் இருக்கை இரண்டு நாற்காலி தள்ளித்தான், ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.

“எந்திரிங்க காங்.”

“முடியாது.”

“ஃபோட்டோ எடுக்கறாங்க. கேஸ், காங், கேஸ்!”

மூன்றாம் டோட்டோ நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து அழுத்தி, ஒரு முனகலோடு எழுந்தார். எழுந்து, கல்லைப் பார்த்து நின்றார். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தது லியோனிசா ஒருத்திதான். முழங்கால் வலி இல்லை, வேண்டுமென்றுதான் உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து அவரை நிதானமாக, பாதத்திலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“போதும் காங், உக்காருங்க” என்றாள். “பன்னெண்டு நாள்தானே.”